ரிப்பன் மெஷினும் என் ஓரகத்தியும்

அந்த மெஷினை எனக்கு முதல் நாளே பிடிக்கவில்லை. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. சிலரைப் பார்த்ததுமே எரிச்சல் வரும் இல்லையா, அப்படித்தான். என் கணவரின் அண்ணன் கல்ஃபிலிருந்து லீவில் வந்திருந்தபோது, மூடிப்போன ஏதோ ஒரு தையல் கம்பெனியிலிருந்து அதை வாங்கினார். என் வீட்டுக்காரரின் டெம்போவில்தான் அது வந்து சேர்ந்தது. எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு தகர ஷெட் உண்டு. அதில் கொண்டுபோய் இறக்கினார்கள். இறக்கிய கையோடு அண்ணனின் மனைவி, அதாவது என் ஓரகத்தி, மெஷினின் மூடி மேல் ஒரு மாதா படத்தை ஒட்டினாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. படம் ஒட்டியது தப்பில்லை, நானும் மாதாவைக் கும்பிடுகிறவள்தான். ஆனால் கேட்டிருக்கலாம்.

நாங்கள் இருப்பது எல்லையை ஒட்டி, கேரளத்துக்குள், செங்கல் என்ற ஊருக்கும் பாறசாலைக்கும் நடுவே. நெய்யாற்றின்கரையில் சர்ச் சாமான்கள் விற்கும் ஒரு கடைக்கு நாங்கள் இருவரும் லேஸில் ரிப்பன் கோத்துக் கொடுத்து வந்தோம். வெள்ளை லேஸ், நடுவில் வரிசையாகக் கீறின மாதிரி ஓட்டைகள், சட்டைப் பொத்தான் நுழையும் அளவுக்கு. அந்த ஓட்டைகளில் சாட்டின் ரிப்பன் ஒன்றில் மேலே ஏறி அடுத்ததில் கீழே இறங்கி, கடைசி வரை முறுக்கு விழாமல் போக வேண்டும். முதன்முதலாக நற்கருணை, அதாவது புதுநன்மை, வாங்கும் பெண்பிள்ளைகளின் கவுனுக்கு, ஞானஸ்நானச் சட்டைக்கு, பீடத்துணிக்கு, சவப்பெட்டியின் உள்விளிம்புக்கு, எல்லாவற்றுக்கும் ஒரே லேஸ்தான். கடைக்காரருக்கு நீளம் சரியாக இருந்தால் போதும்.

மெஷின் வருவதற்கு முன்னால் ரிப்பன் நுனியில் ஊக்கைக் குத்தி, கையாலேயே கோத்துக்கொண்டிருந்தோம். அவரவர் வீட்டு வாசலில் உட்கார்ந்து அவரவர் வேலை. டி.வி. பார்த்துக்கொண்டே செய்யலாம். பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டே செய்யலாம். யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை.

மெஷின் அதைக் கெடுத்தது. அதில் இரண்டு பல்சக்கரங்கள், ஒன்றின் மேல் ஒன்று. அவற்றின் நடுவே லேஸைக் கொடுத்தால், பல் ஒவ்வொன்றும் அழுத்தி லேஸை அலை அலையாக மடிக்கும். சக்கரத்தின் நடுவில் ஒரு பள்ளம். அந்தப் பள்ளத்தில் முழங்கை நீளத்துக்கு ஒரு தட்டை ஊசி அசையாமல் படுத்திருக்கும். லேஸ் மடிந்து மடிந்து வரும்போது ஓட்டைகள் தாமாகவே ஊசி மேல் ஏறிக்கொள்ளும். ஊசியின் வாலில் ரிப்பன். ஊசி நிறைந்ததும் நிறுத்தி, லேஸை அப்படியே ரிப்பனுக்கு வழித்து விட வேண்டும். கையால் அரை நாள் செய்கிற வேலையை அது சாயங்காலக் காப்பிக்கு முன் முடித்துவிடும். அது உண்மை. அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் அதற்கு இரண்டு ஆள் வேண்டும். ஒருத்தி பின்பக்கம் நின்று கைப்பிடியைச் சுற்ற வேண்டும். இன்னொருத்தி முன்பக்கம் உட்கார்ந்து, ஓட்டை ஒவ்வொன்றும் பல்லின் மேல் சரியாக விழும்படி இரண்டு கையாலும் லேஸைப் பிடித்துக் கொடுக்க வேண்டும். கொஞ்சம் பிசகினால் ஊசி நூலைக் கவ்விக்கொள்ளும், லேஸ் சுருண்டுவிடும். என் விரல் மெலிசு என்பதால் முன்பக்கம் எனக்கு. அவளுக்குப் புஜபலம் உண்டு, கைப்பிடி அவளுக்கு. நடுவில் அந்த மாதா படம் ஒட்டிய மூடி. அவள் பக்கத்திலிருந்து பார்த்தால் என் கை தெரியாது. அதனால் வாயால் சொல்லித்தான் வேலை நடக்கும். 'விடு', 'நில்லு', 'மெதுவா அக்கா', 'இப்பம் சுத்து.' ஆரம்பத்தில் அப்படித்தான் நடந்தது. அவளை நான் அக்கா என்றுதான் கூப்பிட்டேன். நாள் முழுக்க அக்கா, அக்கா என்று கத்திக்கொண்டிருந்ததை நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேலேயே கோபம் வரும்.

என் தங்கைக்குச் சின்ன வயதிலிருந்தே வலிப்பு உண்டு. மாத்திரையை ஒழுங்காகத் தின்றால் வராது. ஒரு நாள் விட்டால் வந்துவிடும். எங்கள் பிறந்த வீடு காஞ்சிரங்குளத்துக்கு மேற்கே கடப்புறத்தில். அப்பா போட்டில் போய்க்கொண்டிருந்தவர், இப்போது இல்லை. இந்தத் தீனம் வெளியே தெரிந்தால் பெண் கரையேறமாட்டாள் என்று அம்மா அதை மூடி மறைத்தே வளர்த்தாள். எனக்கும் அம்மாவுக்கும் மட்டும்தான் தெரியும். பிறகு என் ஓரகத்திக்கும் தெரிந்தது. ஒரு திருவிழாவுக்கு அவள் எங்கள் பிறந்த வீட்டுக்கு வந்திருந்தபோது தங்கைக்குச் சமையலறையில் வந்துவிட்டது. நான் கத்திக்கொண்டு நின்றேன். ஓரகத்திதான் ஓடி வந்து அவளை ஒருச்சாய்த்துப் படுக்க வைத்து, தலைக்குக் கீழே தன் சேலையை மடித்து வைத்து, வாயைத் துடைத்துவிட்டாள். எட்டிப் பார்த்த பெண்களிடம், பிள்ளைக்கு வெயிலில் தலை சுற்றிவிட்டது என்று சொல்லி அனுப்பினாள். அன்றைக்கு அவள் காலில் விழலாம் போல இருந்தது எனக்கு.

அப்புறம் தங்கைக்குக் களியக்காவிளைப் பக்கமிருந்து ஒரு கல்யாண ஆலோசனை வந்தது. பையன் நல்ல வேலையில் இருந்தான், குடியில்லை. வீடு பார்க்க வந்தார்கள், அவர்களுக்குப் பிடித்தது, நாள் குறிப்பது வரை பேசியாகிவிட்டது. அம்மா கோயிலில் மெழுகுதிரி ஏற்றிவிட்டு வந்தாள். அதற்கு அடுத்த வாரம் அவர்கள் வரவில்லை, போன் வந்தது. பெண்ணுக்குத் தீனம் இருப்பதை நீங்கள் சொல்லவில்லையே என்று கேட்டார்கள். அவ்வளவுதான். அம்மா போனைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாளாம்.

யார் சொன்னது? எங்கள் வீட்டாரைத் தவிர அது தெரிந்தவள் ஒருத்திதான். யோசிக்க என்ன இருக்கிறது? நான் அம்மாவோடு பேசிக்கொண்டிருந்த போனும் கையுமாக முற்றத்தில் இறங்கி நின்று, ரோட்டில் போகிறவனுக்கும் கேட்கும்படி கத்தினேன். வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். ஒரு பெண்ணின் வாழ்க்கையில் மண்ணள்ளிப் போட்டவள் விளங்கமாட்டாள் என்று சொன்னேன். அவள் வாசலில் வந்து நின்று கேட்டாள். இல்லை என்று சொல்லவில்லை. ஆமாம் என்றும் சொல்லவில்லை. என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். அந்தக் கதவைச் சாத்திய சத்தம்தான் என்னைக் கொன்றது. குற்றமில்லாதவள் என்றால் பதிலுக்குக் கத்த வேண்டாமா?

அன்றைக்கு ஒரு தீர்மானம் எடுத்தேன். 'நான்தான் சொன்னேன்' என்ற வார்த்தை அவள் வாயிலிருந்து வரும்வரை அவளோடு ஒரு பேச்சும் கிடையாது. அதை அவள் வாயால் கேட்க வேண்டும். எனக்கு வேறொன்றும் வேண்டாம்.

பேச்சை நிறுத்தலாம், மெஷினை நிறுத்த முடியாது. அதைப் பாதியாக அறுத்து ஆளுக்கொரு சக்கரம் எடுத்துக்கொள்ளவா முடியும்? கையால் கோக்கிற கூலியைக் கடைக்காரர் குறைத்துவிட்டிருந்தார். என் பிள்ளை படிக்கிறான், அவளுக்கும் ஒரு மகள். ஆகவே மறுநாள் காலை நான் முன்பக்கம் போய் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் பின்பக்கம் கைப்பிடி அசைந்தது. இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை. ஓட்டை பிசகியபோது நான் இடது கையால் மெஷின் நிற்கும் மேஜைப் பலகையில் ஒரு தட்டுத் தட்டினேன். அவள் நிறுத்தினாள். சரி செய்துவிட்டு இரண்டு தட்டு. அவள் சுற்றினாள். ஒரு தட்டு நில்லு, இரண்டு தட்டு சுற்று. இதைக்கூட நாங்கள் பேசி முடிவு செய்யவில்லை.

அதற்காக ஷெட் அமைதியாக இருந்தது என்று நினைக்க வேண்டாம். சாடை பேசுவது என்று ஒன்று இருக்கிறதே. அவளுடைய ஆடு ஷெட் வாசலில்தான் கட்டிக் கிடக்கும். அவள் ஆட்டோடு பேசுவாள்.

"எலே, நீ ஏன் இப்படிக் கத்துதே? உனக்கும் சிலரைப் போல ஊரெல்லாம் கேக்கணுமா?"

நான் மெஷினோடு பேசுவேன்.

"சனியனே, உனக்கு வாயெல்லாம் பல்லாக்கும். வெளியே பாத்தா மாதா படம், உள்ளே போனா கடி."

ஆட்டுக்கும் மெஷினுக்கும் சூடு சொரணை இருந்திருந்தால் என்றைக்கோ எங்களை விட்டு ஓடியிருக்கும். என் வீட்டுக்காரர் சில சமயம் ஷெட் பக்கம் வந்து எட்டிப் பார்ப்பார். "இதுக்கு நேரே அடிச்சுட்டுச் சாகலாமே" என்று சொல்லிவிட்டுப் போவார். அண்ணன் கல்ஃபிலிருந்து போன் செய்து சமாதானம் பேசினார். அவர் அவளிடம் என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது. என்னிடம், "நீ சின்னவ, நீ விட்டுக் குடு" என்றார். சின்னவள் என்றால் விட்டுக் கொடுக்க வேண்டும் என்று எந்தக் கோயிலில் பிரசங்கம் செய்தார்கள்?

எனக்கு இன்னொரு பழக்கமும் வந்தது. அவள் கைப்பிடியை வேண்டுமென்றே வெடுக்கென்று சுற்றுவாள், லேஸ் என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போகும். அப்போது நான் மேஜைக் காலை ஓங்கி ஒரு உதை உதைப்பேன். வேலைக்கான தட்டு வேறு, அது வேறு. அது வெறும் வயிற்றெரிச்சல். ஒரு நாளைக்கு எத்தனை முறை உதைத்தேன் என்று யாருக்குத் தெரியும். அவளும் அதைக் கண்டுகொள்வதை விட்டுவிட்டாள். நான் உதைத்தால் அவள் இன்னும் கொஞ்சம் வேகமாகச் சுற்றுவாள்.

இப்படியே வருஷங்கள் போயின. லேஸ் மட்டும் ஒரு குறையும் இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. உங்களைப் போல ஒற்றுமையாக வேலை செய்கிறவர்களைப் பார்த்ததில்லை என்று கடைக்காரர் ஒருமுறை சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

போன புதுநன்மைக் காலத்தில்தான் அது நடந்தது. மழைக்கு முந்திய புழுக்கம். கை வேர்த்து லேஸ் நசநசத்தது. புதிதாக வந்த லேஸ் மட்டம், ஓரத்தில் நூல் பிரிந்து தொங்கிக்கொண்டிருந்தது. அதில் ஒரு நூல் என் வலது ஆள்காட்டி விரலில் சுற்றிக்கொண்டதை நான் கவனிக்கவில்லை. சக்கரம் லேஸை இழுத்தது, லேஸ் நூலை இழுத்தது, நூல் விரலை இழுத்தது. அவசரத்தில் இடது கை பலகையைத் தட்டப் போகவில்லை, வலது விரலைப் பிடுங்கத்தான் போனது. நூல் இன்னும் இறுகியது.

நேரம் இல்லாமல் இல்லை. கையால் சுற்றுகிற மெஷின்தானே, மெதுவாகத்தான் வந்தது. பல் ஒவ்வொன்றாக இறங்கி வருவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மேஜையை உதைத்தேன். அவள் வேகத்தைக் கூட்டினாள். மறுபடி உதைத்தேன். இன்னும் கூட்டினாள். 'அக்கா, நில்லு' என்றால் நின்றிருக்கும். அவ்வளவுதான் சொல்ல வேண்டும். தொண்டை வரை வந்தது. இத்தனை வருஷம் காத்துவிட்டு, இவளிடம் போய் நான் முதலில் வாயைத் திறப்பதா? 'அய்யோ' என்று கத்தினால்கூட அது அவளிடம் சொன்னதாகத்தான் ஆகும். பல்லைக் கடித்துக்கொண்டேன். இதைப் படித்துவிட்டு, எந்தப் பைத்தியக்காரியாவது இப்படிச் செய்வாளா என்று யாராவது கேட்கலாம். எங்கள் பக்கத்துப் பெண்களைக் கேட்டுப் பாருங்கள்.

விரல் உள்ளே போனது. கைப்பிடி இறுகியிருக்கும். லேஸ் சுருண்டால் கைப்பிடி இறுகுவது வழக்கம், அப்போது நாங்கள் செய்வது கொஞ்சம் பலமாகத் தள்ளுவது. அவளும் பலமாகத் தள்ளினாள். நகம் பெயர்ந்தது எனக்குத் தெரிந்தது. அப்போதும் சத்தம் வரவில்லை.

அவள் நிறுத்தியது என்னைப் பார்த்து அல்ல. அவள் பக்கம் வெளியே வந்த வெள்ளை லேஸ் சிவப்பாக வந்ததைப் பார்த்துத்தான். "ஏசுவே!" என்று ஒரு அலறல். கைப்பிடியைப் பின்னால் சுற்றி, மூடியைத் தள்ளிவிட்டு, இந்தப் பக்கம் ஓடி வந்தாள். என் விரலைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள்.

"உனக்கு வாயில்லியா? கை உள்ளே போகுது, ஒரு வார்த்தை பறஞ்சா என்னவாம்? நான் என்ன பேயா?"

என்னிடம். நேராக என்னைப் பார்த்து. ஆட்டிடம் இல்லை. விரல் துடிக்கிற துடிப்பில் கண் இருட்டிக்கொண்டு வந்தது, அந்த இருட்டிலும் எனக்கு ஒரு சந்தோஷம் வந்தது. அவள்தான் முதலில் பேசினாள். நான் ஜெயித்துவிட்டேன்.

கோக்காமல் கிடந்த லேஸ் துண்டை எடுத்து என் விரலில் சுற்றினாள். ரோட்டுக்கு ஓடி ஒரு ஆட்டோவை நிறுத்தினாள். காரக்கோணம் போகிற வழியில் ஒரு சின்ன கிளினிக் உண்டு, அங்கே போனோம். வழி முழுக்க அவள் என் மணிக்கட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள். நான் கையை விடுவித்துக்கொள்ளப் பார்த்தேன். "சும்மா இரி" என்றாள்.

கிளினிக்கில் நர்ஸ் மலையாளத்தில், "எந்து பற்றி?" என்று கேட்டாள். என்ன ஆயிற்று என்று இரண்டு பேருக்கும் சொல்லத் தெரியவில்லை. மெஷின் கடித்துவிட்டது என்று ஓரகத்தி சொன்னாள். ஊசி போட்டு மரத்துப்போக வைத்துவிட்டு, டாக்டர் வர நேரமாகும் என்று எங்களைப் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். மரத்துப்போனதும் எனக்கு வாய் வந்தது. ஜெயித்தவள் நான், கேட்க வேண்டியதைக் கேட்டுவிட இதைவிட நல்ல நேரம் ஏது?

"பேசியாச்சு இல்லியா? அப்போ அதையும் பறஞ்சிரு. எனக்க தங்கச்சிக்க ஆலோசனையைக் கெடுத்தது நீதானே?"

அவள் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமா" என்றாள். "நான்தான் பறஞ்சேன். அவங்க வீட்டுக்கே போய்ப் பறஞ்சேன்."

இத்தனை வருஷம் காத்திருந்த வார்த்தை அதுதான். வந்ததும் ஒரு நிம்மதி வரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை.

"என்னத்துக்கு? அவ உனக்கு என்ன துரோகம் செய்தா?"

"அதை அவகிட்ட கேளு."

டாக்டர் வந்தார். நகத்தின் மிச்சத்தை எடுத்து, தையல் போட்டு, கட்டுப் போட்டார். திரும்பி வரும்போது அவள் ஆட்டோவில் முன்னால் டிரைவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. தங்கை விரலைப் பார்க்க வந்தாள். இப்போது அவள் நெய்யாற்றின்கரையில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறாள். கல்யாணம் ஆகவில்லை. கைப்பையின் வெளிப்பக்கத்திலேயே மாத்திரைப் பட்டையை வைத்திருப்பாள், டீ குடித்ததும் எல்லோர் முன்னாலும் எடுத்து வாயில் போட்டுக்கொள்வாள். அன்றும் அப்படிப் போட்டுக்கொண்டாள். நான் கிளினிக்கில் நடந்ததைச் சொன்னேன். ஓரகத்தி ஒத்துக்கொண்டுவிட்டாள், கடைசியில் நான் சொன்னதுதான் உண்மை என்று ஆகிவிட்டது என்றேன். தங்கை தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"நான்தான் அந்த அக்காவைப் பறையச் சொன்னேன்" என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"அம்மா என்ன பறஞ்சான்னு உனக்கு மறந்துபோச்சா? மாத்திரையைப் பவுடர் டப்பாக்குள்ளே போட்டுக் கொண்டுபோ, மாப்பிளை உறங்கின பொறவு எடுத்துத் தின்னு, ரெண்டு பிள்ளை ஆனா பொறவு பறஞ்சிக்கலாம்னு. நான் எப்படி அப்படி வாழ? உங்ககிட்ட ரெண்டு பேருகிட்டயும் பறஞ்சு பாத்தேன். நீ, 'அம்மா சொல்லுதது உனக்க நல்லதுக்குத்தான்'னு பறஞ்சே. அவங்க வீட்டுக்கு நானா போன் செய்ய எனக்குத் தைரியம் இல்ல. எனக்கு வலிப்பு வந்தப்ப எனக்க தலையைப் பிடிச்சது அந்த அக்கா ஒரு ஆளுதான். அவகிட்ட போனேன்."

"இத்தனை வருஷம் எனக்கிட்ட பறையணும்னு தோணலியா உனக்கு?"

"நீ முற்றத்தில நின்னு கத்தினதை நான் போன்ல கேட்டுட்டுத்தானே இருந்தேன். அம்மாவுக்குக் கேக்கட்டும்னு நீ போனை அணைக்கவே இல்ல. அதைக் கேட்ட பொறவு எனக்கு எப்படி வாய் வரும்? அந்த அக்காதான் சொன்னா, நீ ஒண்ணும் பறையண்டாம், நான் வாங்கிக்குறேன்னு. எனக்கு வரவேண்டிய ஏச்சு எல்லாம் அவ வாங்கிட்டு நின்னா."

எனக்கு வந்தது அழுகை இல்லை, கோபம்தான். இரண்டு பேரும் சேர்ந்து என்னை முட்டாளாக்கிவிட்டார்கள். ஒருத்தி என் கூடப் பிறந்தவள், இன்னொருத்தி நாள் முழுக்க எனக்கு எதிரே நின்றவள். நான் மட்டும் ஒன்றும் தெரியாமல் மெஷினைத் திட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். தங்கையை நன்றாகத் திட்டினேன். அவள் திட்டு வாங்கிக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று போய்விட்டாள்.

காலையில் ஷெட்டுக்குப் போனேன். என் ஒரு கை கட்டோடு இருந்ததால் மெஷின் ஓடவில்லை. ஓரகத்தி தரையில் உட்கார்ந்து ஊக்கால் ரிப்பன் கோத்துக்கொண்டிருந்தாள். மெஷினை நன்றாகத் துடைத்து வைத்திருந்தாள். கோபத்தோடுதான் போனேன். என்னிடம் மறைத்ததற்கு நாலு கேள்வி நறுக்கென்று கேட்டுவிட வேண்டும், கேட்டுவிட்டால் அப்புறம் பேச்சைத் தொடங்கிவிடலாம் என்று நினைத்திருந்தேன். விட்டுக் கொடுக்கிற மாதிரி இல்லாமல் விட்டுக் கொடுக்க அதுதான் வழி.

"அக்கா" என்றேன். "அவ எல்லாம் பறஞ்சா."

"பறஞ்சாளா? நல்லது. இனி எனக்கு அந்தப் பாரம் இல்ல."

"எனக்கிட்ட ஒரு வார்த்தை பறஞ்சிருந்தா இத்தனை வருஷம் இப்படி நாய் போலக் கடிச்சுட்டு நிக்கணுமா?"

"வாக்குக் குடுத்திருந்தேன்."

"சரி. அது முடிஞ்சாச்சு. இனி பேசலாம் இல்லியா?"

அவள் ஊக்கை லேஸிலேயே குத்தி வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் எனக்கு அது பழக்கமானதுதான்.

"நீ பேசாம இருந்தது உனக்க தங்கச்சிக்காக. நான் பேசாம இருந்தது அதுக்கில்ல."

"பின்னே எதுக்கு?"

"எனக்க அம்மைக்காக."

"உங்க அம்மைக்கு நான் என்ன செய்தேன்?"

"ஒண்ணும் செய்யல" என்றாள். "அதாக்கும்."

அவ்வளவுதான். திரும்ப ஊக்கை எடுத்துக்கொண்டாள். நான் கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். அவள் நிமிரவில்லை. சாடையாகக்கூட ஒன்றும் சொல்லவில்லை, ஆடு கத்தியபோது அதையும் அதட்டவில்லை. வீட்டுக்கு வந்துவிட்டேன்.

என் வீட்டுக்காரர் டெம்போவைக் கழுவிக்கொண்டிருந்தார். அவளுடைய அம்மா செத்தது எனக்குத் தெரியும். எங்கள் சண்டைக்குப் பிறகு எப்போதோ. அதற்கு மேல் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

"அக்காவுக்க அம்மை எப்பம் மரிச்சது?" என்று கேட்டேன்.

அவர் குழாயை மூடினார்.

"நல்ல மழையில. நான் வண்டியை ஸ்டார்ட் செய்து வச்சுட்டு அடக்கத்துக்கு உன்னைக் கூப்பிட்டேன், நீ வரல. பொறவு அண்ணி கொஞ்ச நாள் அங்கேயே தங்கிட்டா. ஆளில்லாம மெஷின் சும்மா கிடக்கு, அவளுக்கு எப்பம்தான் வர மனசு வரும்னு நீ என்கிட்ட சண்டை போட்டே. ஞாபகம் இல்லியா உனக்கு?"

மெஷின் சும்மா கிடந்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.